கர்ப்பப்பை வாயைப் படமெடுத்துப் பார்க்கும் பரிசோதனை: மதுரைப் பக்கத்துப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லோரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் சொல்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் இப்போது கேமராவும் இணையமும் சேர்ந்திருக்கின்றன. நர்ஸ் இங்கே படம் எடுக்கிறார். வேறு ஊரில் இருக்கும் டாக்டர் அதைப் பார்க்கிறார். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், கேட்கக் கூச்சப்பட்டு மனதிலேயே வைத்துக்கொள்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வீட்டு ஆண்களும் படியுங்கள். பரிசோதனைக்குக் கிளம்பிய பெண்ணைப் பல வீடுகளில் நிறுத்திவிடுவது, "இப்ப என்ன அவசரம்?" என்ற ஒரு கேள்விதான்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு எதற்குப் பரிசோதனை?

தொந்தரவு இல்லாத காலத்தில் பார்ப்பதற்காகவே வந்த பரிசோதனை இது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் பல வகை உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே ஏறக்குறைய 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம்.

வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அது தானாகப் போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கும். தங்கினாலும் உடனே புற்று வருவதில்லை. கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் மெல்ல மாற்றம் தொடங்கி, அது புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம், அதற்கு மேலும்கூட ஆகும். அத்தனை வருடமும் வலி இருக்காது, ரத்தம் படாது, உங்களுக்கு எதுவுமே தெரியாது. ஆனால் பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் தெரியும். அப்போதே கண்டுபிடித்தால் சில நிமிட சிகிச்சையோடு முடிந்துவிடும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அப்படி இருந்தும் 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

வெள்ளைப்படுகிறது, நாற்றம் இருக்கிறது, சேர்ந்திருந்த பிறகு ரத்தம் படுகிறது. முகாம் எப்போது வரும்?

முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள். கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுவது, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு மறுபடி ரத்தம் படுவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் வருவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இதில் எது இருந்தாலும் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரை நேரில் பாருங்கள். இதற்கு வேறு சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. ஆனாலும் அறிகுறி உள்ளவருக்குப் படம் எடுத்து அனுப்பும் முகாம் போதாது. டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

உள்ளே என்ன செய்வார்கள்?

திரை போட்ட அறையில் படுக்கச் சொல்வார்கள். கர்ப்பப்பை வாய் தெரிவதற்காக ஸ்பெகுலம் என்ற கருவியைப் பிறப்புறுப்பில் மெதுவாக வைப்பார்கள். இறுக்கமாக இருக்கும், ஆனால் வலி அதிகம் இருக்காது; மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு இடுப்பைத் தளர்த்தினால் சுலபமாகப் போய்விடும். பிறகு பஞ்சில் நனைத்த, 3 முதல் 5 சதவீதம் செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். சமையலில் ஊற்றும் வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். கொஞ்சம் எரிச்சல் தோன்றி உடனே அடங்கிவிடும். ஒரு நிமிடம் காத்திருந்தால் மாற்றம் கண்ட இடம் வெள்ளையாகத் திட்டுப் போல் தெரியும். சில இடங்களில் அயோடினும் தடவுவார்கள். அப்போது நல்ல தோல் கரும்பழுப்பு நிறமாகும், மாற்றம் கண்ட தோல் மஞ்சளாகவே நிற்கும். ஸ்பெகுலம் உள்ளே இருப்பது சில நிமிடங்கள்தான்.

மாதவிடாய் நாட்களில் வர வேண்டாம். முந்தின இரண்டு நாள் உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பு எதுவும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதான் நர்ஸ் கண்ணால் பார்க்கிறாரே, அப்புறம் கேமரா எதற்கு?

நல்ல கேள்வி. வெறும் கண்ணால் பார்க்கும்போது ஒரு நர்ஸ், ஒரு டார்ச், சில வினாடிகள், அவ்வளவுதான். வெள்ளைத் திட்டு அழுத்தமாக இருந்ததா, ஓரம் தெளிவாக இருந்ததா, எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் அவர் கண்ணில் மட்டும் பட்டது. ரெஜிஸ்டரில் ஏறுவது 'பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்ற ஒரே சொல். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. சந்தேகப்பட்ட எல்லோரையும் மதுரைக்கு அனுப்பினால் பாதிப் பேர் போக மாட்டார்கள். யாரையும் அனுப்பாமல் விட்டால் ஒரு உயிர் போகலாம். இந்தப் பாரத்தை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தலையில் தனியாக வைப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

படம் இருந்தால் அந்தக் காட்சி அழியாமல் நிற்கிறது. டாக்டர் பெரிதாக்கிப் பார்க்கலாம். பச்சை ஒளியில் எடுத்தால் ரத்தக் குழாய்கள் கறுத்துத் தெளிவாகத் தெரியும். முற்றிய மாற்றத்தில் அந்தக் குழாய்கள் புள்ளி புள்ளியாகவோ கட்டம் கட்டமாகவோ இருக்கும். வெள்ளையின் அழுத்தம், ஓரம், ரத்தக் குழாய், திட்டின் அளவு, அயோடின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு, பத்துக்கு எத்தனை என்று சொல்லும் ஸ்வீட் ஸ்கோர் என்ற முறை இருக்கிறது. படம் இருந்தால் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடலாம். அடுத்த முறை நீங்கள் வரும்போது பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு பலனும் உண்டு. நர்ஸ் திரையைத் திருப்பி உங்களுக்கே காட்டலாம். தன் உடம்பின் அந்தப் பகுதியை வாழ்நாளில் பார்த்தே இராத பெண், "இந்த இடத்தில்தான் சின்னதாக மாற்றம் இருக்கிறது" என்று காட்டும்போது கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கின்றன. சிகிச்சைக்குச் சம்மதிப்பதும் அப்போது அவருடைய சொந்த முடிவாகிறது. வேண்டும் என்றால் நீங்களே கேளுங்கள், "எனக்கும் காட்டுங்க" என்று.

இது புதுசாக வந்த சோதனையா? எங்களை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்களா?

இல்லை. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப்பை ஹான்ஸ் ஹின்செல்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1925-ல் உருவாக்கினார். வினிகர் தடவிப் பார்ப்பதும் அதை ஒட்டி வந்த பழைய முறைதான். அமெரிக்காவில் அடால்ஃப் ஸ்டாஃபல் 1981-ல், ஃபிலிமில் படம் எடுத்து அனுப்பி நிபுணரைப் படிக்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது நடப்பது கருவி சிறுத்ததும் படம் நொடியில் போய்ச் சேருவதும்தான். முன்பு மேசையளவு இருந்த கோல்போஸ்கோப் இன்று கையில் அடங்குகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நிம்மி ராமானுஜம் குழு உருவாக்கிய பாக்கெட் கோல்போஸ்கோப், புனேயின் பெரிவிங்கிள் நிறுவனம் செய்யும் ஸ்மார்ட் ஸ்கோப் போன்றவை இந்த வகை.

நேரில் பார்க்காத டாக்டர் சொல்வதை எப்படி நம்புவது?

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் பரிசோதனை மையங்கள் சுற்றுவட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக நடக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் உங்கள் கண்ணைச் சோதித்து விவரத்தை அனுப்புவார்; டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தபடி வீடியோவில் பேசுவார்; தேவைப்பட்டால் மட்டும் வரச் சொல்வார். நம் அம்மாக்கள் தயங்காமல் அதற்குப் போய் வருகிறார்கள். இதுவும் அதே வழிதான்.

ஆனால் படத்துக்கு எல்லை உண்டு. அதில் தொட்டுப் பார்க்க முடியாது, சதை எடுக்க முடியாது. கர்ப்பப்பை வாயின் உட்குழாய்க்குள் இருப்பது தெரியாது. ஆகவே டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: "பயமில்லை, பிறகு பார்க்கலாம்"; "அங்கேயே சிகிச்சை கொடுக்கலாம்"; "நேரில் வரட்டும்". "இது கேன்சர்தான்" என்று படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது சதையை ஆய்வு செய்த ரிப்போர்ட்.

டாக்டர் இல்லாமல் நர்ஸே பரிசோதனை செய்வது சரியா?

இதற்கான ஆதாரம் நம் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம், ஆனால் இங்கேயே பலருக்குத் தெரியாது. 2000-ல் தொடங்கி, திண்டுக்கல் மாவட்டத்தின் 114 கிராமப் பஞ்சாயத்துகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன் குழுவும் அதை நடத்தினார்கள். பாதிப் பஞ்சாயத்துகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வினிகர் தடவிப் பார்த்தார்கள். மீதிப் பாதியில் அப்போது நடைமுறையில் இருந்த மருத்துவ வசதியும் விழிப்புணர்வும் மட்டும். சுமார் 31,000 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007-ல் முடிவு வெளியானபோது, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இந்தப் பலன்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். புற்றுக்கு முந்தின நிலை மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம்தான். இருக்கிறது என்று தெரிந்த பிறகும் நாலில் ஒருவருக்கு மேல் சிகிச்சை வரை வந்து சேரவில்லை. கேமராவையும், தூரத்திலிருந்தே டாக்டர் பார்க்கும் டெலிமெடிசினையும் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் முன்னால் வந்து நிற்கிறது. படம் மதுரைக்குப் போவது ஒரு நிமிட வேலை. அந்தப் பெண்ணிடம் சிகிச்சை வந்து சேருவதுதான் பெரிய வேலை.

பின்னர் தமிழக அரசு உலக வங்கி உதவியோடு நடத்திய சுகாதாரத் திட்டத்தில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முதலில் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்து, பிறகு மாநிலம் முழுவதும் விரித்தது. அப்படியும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்துப் பேரில் ஒருவர்தான். நாடு முழுவதற்கும் எடுத்தால் நூறில் இரண்டு பேர்கூட இல்லை.

அந்தப் படம் யார் யார் கைக்குப் போகும்?

பல பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் இதனாலேயே வராமல் இருந்துவிடுகிறார்கள். படத்தில் உங்கள் முகம் இருக்காது, தொடைகூட இருக்காது. கர்ப்பப்பை வாய் மட்டும்தான் நிறைந்திருக்கும். பெயருக்குப் பதில் ஒரு எண் போட்டு அனுப்புவதே முறை. எடுக்கும் முன் எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த இந்திய டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள், சுகாதாரப் பணியாளர் முன்கை எடுத்து டாக்டரோடு பேசும்போது நோயாளியின் வெளிப்படையான சம்மதம் தேவை என்கின்றன. சம்மதம் தர விருப்பம் இல்லையென்றால் படம் இல்லாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லலாம். அதற்காகப் பரிசோதனையை மறுக்கக் கூடாது.

நர்ஸின் சொந்த போனில் எடுத்து, சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். அவர் நல்ல மனதோடு செய்தாலும் போன் தொலையலாம், வீட்டுப் பிள்ளைகள் கையில் போகலாம். இதற்கென்று உள்ள கருவியிலோ, பூட்டு வைத்த செயலியிலோதான் படம் இருக்க வேண்டும். "யார் போன் இது?" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் யாரும் கோபப்படத் தேவையில்லை.

பார்க்கிறவர் ஆண் டாக்டராக இருந்தால்?

இருக்கலாம். உங்களைப் பரிசோதிப்பவர் பெண் செவிலியர். படத்தைப் பார்ப்பவர் ஆணா பெண்ணா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம், பெண் டாக்டர் வேண்டும் என்றும் சொல்லலாம். நேரலை வீடியோவாக இருந்தால் அறையில் கூடவே ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் டவரே சரியாகக் கிடைக்காது. அப்போது?

படத்தைக் கருவியிலேயே சேமித்து வைத்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பலாம். இந்தப் பரிசோதனைக்கு நேரலை கட்டாயம் இல்லை. ஆனால் பதில் உடனே வந்தால் அன்றைக்கே சிகிச்சை முடியும், வராவிட்டால் நீங்கள் இன்னொரு நாள் வேலையை விட்டு வர வேண்டும். ஆகவே முகாம் போடுகிறவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சிக்னலையும், அந்த நேரத்தில் டாக்டர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'வெள்ளையாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கேன்சரா?

அநேகமாக இல்லை. திண்டுக்கல் ஆய்வில் பார்த்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு இப்படி வெள்ளைத் திட்டு தெரிந்தது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்று. தொற்றினாலோ, புண் ஆறும்போதோ, தோல் இயல்பாகப் புதுப்பித்துக்கொள்ளும்போதோகூட வெள்ளையாகத் தெரியும். இயல்பான மாற்றத்தில் வெள்ளை மங்கலாக வந்து சீக்கிரம் மறையும். முற்றிய மாற்றத்தில் அழுத்தமாகத் தோன்றி நெடுநேரம் நிற்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் டாக்டர்கள் ஒரே ஒரு படத்தைவிட அடுத்தடுத்து எடுத்த படங்களை, அல்லது சிறு வீடியோவை விரும்புகிறார்கள்.

அன்றிரவு தூங்காமல் அழாதீர்கள். அதற்காக இதை விட்டும் விடாதீர்கள்.

அங்கேயே சிகிச்சை முடியுமா?

பலருக்கு முடியும். திட்டு முழுசாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உட்குழாய்க்குள் போயிருக்கக் கூடாது, கர்ப்பப்பை வாயின் வெளிப்பரப்பில் முக்கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும், புற்று என்ற சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது. இந்த நான்கும் சரியாக இருந்தால், சூடான முனையால் அந்த இடத்தைச் சுட்டுவிடும் தெர்மல் அப்லேஷன் செய்யலாம். சுமார் 100 டிகிரி சூடு, ஒரு தடவைக்கு 20 முதல் 30 வினாடி. மயக்க மருந்து வேண்டாம், தையல் இல்லை. லேசாக வயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். பேட்டரியில் ஓடும் கைக்கருவியே இதற்குப் போதும், ஆகவே முகாமுக்கே எடுத்து வரலாம். பழைய முறையான க்ரையோ சிகிச்சையில் வாயு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் தண்ணீர் போல் படும். நான்கு வாரம் உடலுறவு வேண்டாம். காய்ச்சலோ, அதிக ரத்தமோ, கடும் வயிற்று வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேமரா மட்டும் வந்து, இந்தச் சிறு கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் வராத முகாமைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். முகாம் நடத்த நினைக்கும் அமைப்புகளுக்கு என் வேண்டுகோள்: பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் சிகிச்சைக் கருவியை முதலில் வாங்குங்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாள் சம்பளம் போகும், கூட வரவும் ஆள் இல்லை.

தெரியும். எழுமலையிலிருந்தோ டி.கல்லுப்பட்டியிலிருந்தோ காலை பஸ் பிடித்து ஆரப்பாளையமோ பெரியார் நிலையமோ இறங்கி, ராஜாஜி மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால்தான் தேவையில்லாதவர்களை அனுப்பாமல் இருக்கப் படம் உதவ வேண்டும் என்கிறேன். அப்படிச் சலித்து எடுத்த பிறகும் உங்களைப் போகச் சொல்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. போய்விடுங்கள்.

போகும் முன் நர்ஸிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமை, எந்த அறை எண், உங்கள் படமும் குறிப்பும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதா. படம் ஏற்கெனவே அங்கே இருந்தால் முதலிலிருந்து எல்லாம் தொடங்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் கிடையாது. புற்று என்றே உறுதியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் அதில் சேரலாம். ஆரம்பக் கட்டப் புற்றுக்கு ஆபரேஷன், கொஞ்சம் கடந்திருந்தால் கரண்டு வைப்பது என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சும் கூடவே மருந்தும். ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் குணமாகி வீடு திரும்புகிறார்கள்.

கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுமாமே?

முயற்சி நடக்கிறது. 2019-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார், கோஸ்டாரிகா நாட்டுப் பெண்களிடம் முன்பு எடுத்த படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுத்து, அது மிக நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்று காட்டினார்கள். எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. ஆனால் ஒரு வகைக் கேமராவில் கற்றது இன்னொரு வகைக் கேமரா எடுத்த படத்தில் தடுமாறுகிறது என்பது பிறகு தெரிந்தது. வெளிச்சம் மாறினால், நிறம் மாறினால் விடையும் மாறுகிறது. டாக்டருக்குத் துணையாக அது வரட்டும், நல்லதுதான். அது மட்டும் 'பயமில்லை' என்று சொன்னதை நம்பி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் காலம் இன்னும் வரவில்லை.

எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. வேண்டாம்தானே?

வேண்டும். அந்த ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள், கர்ப்பப்பையும் அதன் வாயும் அப்படியே இருக்கின்றன. கர்ப்பப்பையையே எடுத்தவர்களுக்கு வாயோடு சேர்த்து முழுதாக எடுத்திருந்து, எடுத்த காரணம் கட்டியோ அதிக ரத்தப்போக்கோ என்றால் பொதுவாகத் தேவையில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்வார்கள்.

எனக்கு வயது 58. மாதவிடாய் நின்று பல வருடம் ஆகிறது.

வயது ஏற ஏற, மாற்றம் தொடங்கும் இடம் கர்ப்பப்பை வாயின் உள்ளே ஏறிப் போய்விடும். அதனால் வினிகர் தடவிப் படம் எடுத்தாலும் பார்க்க வேண்டிய இடம் படத்தில் விழாது. "ஒன்றும் தெரியவில்லை" என்பது "ஒன்றும் இல்லை" ஆகிவிடாது. உங்களுக்கு, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனையோ, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்து ஆய்வு செய்யும் பாப் ஸ்மியரோதான் பொருந்தும். இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றால் கட்டாயம் பாருங்கள்.

எச்.பி.வி. பரிசோதனை இதைவிட நல்லதா?

ஆமாம். 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் முதல் பரிசோதனையாக அதைத்தான் பரிந்துரைக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்த பெண்கள் கூட்டத்தில் இந்தப் புற்றால் ஏற்பட்ட இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாதிரியைப் பெண்ணே மறைவில் குச்சியால் எடுத்துக் கொடுத்துவிடலாம், ஸ்பெகுலம் வேண்டாம். கூச்சப்படும் நம் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. விலையும் ஆய்வகமும்தான் இப்போதைக்குத் தடை. அது பரவலாக வந்த பிறகும் கேமராவுக்கு வேலை இருக்கும்: வைரஸ் இருப்பதாக வந்தவரை அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கர்ப்பப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும்.

வைரஸ் இருக்கிறது என்றால் வீட்டுக்காரர் தப்பு செய்தார் என்று அர்த்தமா? அவர் என்னைச் சந்தேகப்பட்டால்?

இரண்டுமே இல்லை. இது உடலுறவால் பரவுவதுதான், ஆனால் மண வாழ்க்கைக்கு வந்தவர்களில் பெரும்பாலோரை இந்த வைரஸ் எப்போதாவது ஒருமுறை தொட்டிருக்கும். எத்தனையோ வருடம் முன்பு தொற்றியது இன்றைக்குப் பரிசோதனையில் தெரியலாம். எப்போது, யாரிடமிருந்து என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆகவே இதை வைத்து யாரும் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. முடிவைச் சொல்லும்போது கணவர், மாமியார் எதிரில் சொல்லாமல் உங்களிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எதைச் சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். வேண்டுமானால் கணவரோடு நர்ஸைப் பேசச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு மாற்றம் வேகமாக முற்றும். அவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடலாமா?

போடலாம், 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. ஊசி போட்டாலும் முப்பது வயதில் பரிசோதனை வேண்டும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். படம் மங்கலாக இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்புகிறார். என்ன செய்வது?

முதலில் சளியை உப்புநீர்ப் பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் ரத்தம் கசிந்து எல்லாம் கெட்டுவிடும். கர்ப்பப்பை வாய் முழுவதும் நடுவில் வரும்படி ஸ்பெகுலத்தைச் சரிசெய்யுங்கள். பக்கச் சுவர் மறைத்தால் பெரிய அளவு ஸ்பெகுலத்துக்கு மாறுங்கள். ஈரத்தில் வெளிச்சம் பட்டு வெள்ளைப் புள்ளியாக மின்னுவதைத் திட்டு என்று நினைக்க வாய்ப்புண்டு. கருவியைக் கொஞ்சம் சாய்த்து இன்னொன்று எடுத்தால் அது இடம் மாறிவிடும், உண்மையான திட்டு மாறாது. அமிலம் தடவும் முன் ஒன்று, தடவி முழு ஒரு நிமிடம் கழிந்ததும் ஒன்று, பச்சை ஒளியில் ஒன்று, அயோடின் போட்டால் அதன் பிறகு ஒன்று. அந்த ஒரு நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் கழியுங்கள். கூட்டம் அதிகமான நாளில் அது இருபது வினாடியாகச் சுருங்கிவிடும். அமிலத்தை அன்றன்றைக்குக் கலக்குங்கள். படம் அனுப்பும் முன் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, மங்கலாக இருந்தால் அந்தப் பெண் படுத்திருக்கும்போதே மறுபடி எடுங்கள். எழுந்து போனவரைத் திரும்பக் கூப்பிடுவது கஷ்டம்.

படத்தோடு வயது, கடைசி மாதவிடாய், ரத்தம் படுகிறதா என்ற விவரத்தையும், முக்கியமாக நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். டாக்டர் வேறு மாதிரி சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பல படங்களை இப்படி ஒப்பிட்டால் உங்கள் கண் தானாகத் தெளியும்.

எனக்கு 'சரியாக இருக்கிறது' என்று சொன்னார்கள். மறுபடி எப்போது?

வினிகர்ப் பரிசோதனை என்றால் 3 வருடத்தில் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய அரசின் 2016 வழிகாட்டுதல் 5 வருடம் என்கிறது. எச்.பி.வி. பரிசோதனை என்றால் 5 முதல் 10 வருடம். நடுவில் ரத்தம் படுதல் போன்ற அறிகுறி வந்தால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, உடனே போக வேண்டும்.

முகாமில் படம் எடுத்தார்கள். மூன்று வாரமாகிறது, ஒரு போனும் வரவில்லை. நன்றாக இருப்பதால்தான் கூப்பிடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எண் தவறாகப் பதிந்திருக்கலாம். மகன் போன் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள், அவர் தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டிருக்கலாம். படம் அனுப்பப்படாமலே கருவியில் கிடக்கலாம். முகாம் நடந்த சுகாதார நிலையத்துக்குப் போய், அன்று தந்த சீட்டைக் காட்டி, முடிவை எழுத்தில் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொன்னாலும் விசாரித்துத் தருவார்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் போடுங்கள். இனிமேல் முகாமுக்குப் போகும்போது எடுக்கக்கூடிய இரண்டு எண்களைக் கொடுங்கள், முடிவு எந்தத் தேதிக்குள் வரும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.